மீற்றர் அக்கா

சுவிஸில், லோசான் நகரில் நாங்கள் துப்புரவு வேலை செய்த ஆஸ்பத்திரியில் தமிழ் ஆட்கள் அவரை மீற்றர் அக்கா என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே அல்ல. நேரே வெறும் அக்கா. அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் எழுதிவைத்த சாட்சிக் கோவைகளில் ஒன்று இன்னும் பேர்னில் ஒரு வழக்குத்தொடுநரின் மேசையில் இருக்கிறது. வழக்கு முடியும்வரை பெயர்கள் வேண்டாம் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் இருக்கும். பத்து மணி இடைவேளையில் கீழ்த்தள ஓய்வறையில் ஐந்தாறு பேர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். யாரோ என்னிடம் ஊரைக் கேட்க, நான் வன்னியில் போரின் கடைசி மாதங்களைச் சொல்லத் தொடங்கினேன். கஞ்சிக்கு நின்ற வரிசையில் ஷெல் விழுந்த கதை. அதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். எந்த இடம் வரும்போது கேட்பவர்கள் கோப்பையைக் கீழே வைப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியும். அன்றும் வைத்தார்கள். மூலையில் இருந்த ஒரு பெண் மட்டும் வைக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையை இறுக்கி வாரிக் கட்டிய சிறிய உருவம்.

“எத்தினை மீற்றர்?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

“நீர் நிண்ட இடத்துக்கும் ஷெல் விழுந்த இடத்துக்கும் இடையில.”

“கிட்டத்தான் அக்கா.”

“கிட்ட எண்டது அளவில்லை, தம்பி. விழுந்ததைக் கண்டனீரோ, சத்தம் கேட்டுப் போய்ப் பாத்தனீரோ?”

சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தவன்தான் நான். ஆனால் அத்தனை வருடமும் விழுந்ததைக் கண்டவன் மாதிரியே சொல்லி வந்திருக்கிறேன். பொய் சொல்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை. அன்று முழுவதும் தாழ்வாரங்களைத் துடைத்துக்கொண்டு அந்த மனுசியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஊரில் அவர் நில அளவைத் திணைக்களத்தில் காணிப் படம் வரைபவராக இருந்தவர். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. நடக்கும்போது உதடு அசையும்; அடி எண்ணுகிறார் என்று பழகியவர்களுக்குத் தெரியும். நூறு மீற்றருக்குத் தனக்கு நூற்று நாற்பத்து மூன்று அடி என்பார். மெட்ரோ நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் சரியாகச் சொல்லுவார். கைப்பைக்குள் முப்பது மீற்றர் துணி நாடா ஒன்று சுருண்டு கிடக்கும். கட்டிட வேலைக்காரர் பாவிப்பது. ஒருமுறை ரயிலில் பொலிஸ்காரர் ஒருவர் பையைச் சோதித்தபோது, அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு இது எதற்கு என்று கேட்டாராம். அக்காவின் பிரெஞ்சு குறைவு. “நீதிக்கு” என்று சொல்லியிருக்கிறார். பொலிஸ்காரர் மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரெனானில் இருந்த அவருடைய வீட்டுக் குசினிக்கு ஆட்கள் வருவார்கள். போரில் நடந்ததைச் சொல்ல வருபவர்கள். நாட்டின் மறுமுனையில் இருக்கும் கூரிலிருந்து நாலு மணித்தியாலம் ரயிலில் வந்தவர்களும் இருக்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அக்கா ஒரு வெள்ளைத் தாளை நீளப்பக்கமாக நடுவில் மடிப்பார். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் கேட்டது. வருபவர்கள் பேசப் பேச எந்தப் பக்கம் எழுதுவதென்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். யார் அழுதாலும் பேனையை மூடிவிட்டுக் காத்திருப்பார்; ஆனால் அழுகைக்காக ஒரு வரியைக்கூட வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றமாட்டார். மூன்று மணித்தியாலம் பேசிய ஒரு அம்மாவின் தாளில் இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. மகனைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் பிறர் வந்து சொன்னவை. அந்த அம்மா வெறும் தாளைப் பார்த்து, “அப்ப என்ர பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லையோ?” என்று கேட்டாராம். அக்கா அவரைப் பேருந்துத் தரிப்பு வரை கைபிடித்துக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டு, அந்தக் கிழமை முழுவதும் ஒருவரோடும் கதைக்கவில்லை. வேலைத்தளத்தில் நாங்கள் கண்டோம்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்ததென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேறொரு நாட்டில் நடந்த போரின் குற்றங்களுக்காக ஒருவரை இந்த நாட்டில் நிறுத்தி விசாரித்தார்கள். குற்றம் எங்கே நடந்தாலும், செய்தவர் இந்த மண்ணில் அகப்பட்டால் இங்கேயே விசாரிக்கலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. அக்கா விடுமுறை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் பார்வையாளர் வரிசையில் இருந்தார். அங்கே பேசிய மொழி அவருக்கு அரைகுறை. ஆனால் ஒன்று விளங்கியது. ஒரு பெண் சாட்சி. தன் கணவரை வெட்டியதைக் கண்டவர். காலை முழுவதும் எதிர்ப்பக்க வழக்கறிஞர் அவரிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்: மரத்துக்கும் வீட்டுக்கும் எத்தனை மீற்றர்? முதல்முறை இருபது என்று சொல்லியிருந்தாராம். இப்போது ஐம்பது என்கிறார். மதியத்துக்கு முன் அந்தப் பெண் தன் கணவரின் பெயரைச் சொல்லவே தடுமாறினார்.

“அவ பொய் சொல்லேல்லை, தம்பி. ஆரும் அவவை முதலே கேக்கேல்லை, அவ்வளவுதான்” என்றார் அக்கா. திரும்பி வந்த கிழமை அந்த நாடாவை வாங்கினார்.

அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். ஒருமுறை தமிழ்ச் சங்க மண்டபத்தில் கூட்டம். அக்கா சேகரித்த கோவைகளில் இராணுவம் செய்தவை மட்டுமல்ல, எங்களுக்காகப் போராடிய இயக்கம் வீடு வீடாகப் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனதும் எழுதப்பட்டிருக்கிறது என்ற கதை எப்படியோ வெளியே வந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் எழும்பி, எதிரிக்கு எழுதிக்கொடுக்கிறாய் என்று கத்தினார். இன்னும் நாலைந்து பேர் எழும்பினார்கள். கதவடியில் நின்ற எனக்கு, அடி விழுமோ என்று பயம். அக்கா இருந்த இடத்தில் இருந்தே பேசினார். சத்தம் கூட்டவில்லை.

“என்ர மகளுக்குப் பதினேழு வயசு. பங்கருக்குள்ள வந்து இழுத்துக்கொண்டு போனவை ரெண்டு பேர். ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தி அவளோட படிச்சவள். அது நான் கண்டது, எழுதியிருக்கிறன். பிறகு அவளுக்கு என்ன நடந்தது, ஆர் செய்தது, நான் காணேல்லை. அதை எழுதேல்லை. எழுதச் சொல்லிக் கேட்டவை இருக்கினம். முதல் பாதியைக் கிழிக்கச் சொல்லிக் கேக்கிறவையும் இருக்கினம். ரெண்டும் செய்யமாட்டன்.”

எழும்பியவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். ஆனால் அதன்பிறகு கோவிலில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அவருடைய தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்த துண்டை மூன்று முறை கீறிக் கிழித்திருந்தார்கள். மூன்று முறையும் புதிதாக எழுதி ஒட்டினார்.

என் மனைவியின் தம்பியைப் பற்றிச் சொல்ல நான் அவரிடம் போனது அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான். மனைவிதான் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். போரின் கடைசிக்கு ஒரு மாதம் முன்பு அவள் காலில் காயப்பட்டு, காயக்காரரை ஏற்றிய கப்பலில் போய்விட்டாள். போகும்போது, தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவனுக்குப் பத்தொன்பது வயது. இயக்கம் பிடித்துக்கொண்டு போய், நாலு மாதத்தில் ஓடி வந்தவன்.

அக்காவிடம் நான் சொன்னது இது. நாங்கள் எல்லோரும் இராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்த நாளில், இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்கூடப் பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மைத்துனன் தானாக எழும்பிப் போனான். முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அறுபது மீற்றர் தூரத்தில் ஒரு மேசை. மேசையில் இருந்த அதிகாரி இடக்கையால் பச்சை மையில் அவனுடைய பெயரை எழுதினார். பிறகு அவனைப் பேருந்தில் ஏற்றினார்கள். அதோடு சரி. அந்த அதிகாரி பின்னர் பதவி உயர்ந்தபோது பத்திரிகையில் வந்த படத்தில் முகத்தை அடையாளம் கண்டேன்.

இங்கே அகதி நேர்காணலிலும் இதையேதான் சொல்லியிருந்தேன். அக்கா எல்லாவற்றையும் இடப்பக்கம் எழுதினார். ஒரு இடத்தில் மட்டும் பேனை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு எழுதி முடித்தார். மூன்று வருடம் அந்தக் கோவை அப்படியே கிடந்தது.

ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை காலை இன்டர்லாக்கனிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்யும் ஒருவர். அவரும் முன்பு அக்காவின் குசினியில் இருந்து சாட்சி சொன்னவர். அந்த அதிகாரி இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருக்கிறார், காலைச் சாப்பாட்டுப் பட்டியலில் அறை எண்ணுக்கு நேரே பத்திரிகையில் வந்த அதே பெயர்தான் இருக்கிறது என்றார். ஓய்வறையில் நான் பக்கத்தில் நின்றேன். அக்கா கேட்ட கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“நான் அவருக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தனான், அக்கா” என்றது மறுமுனை. “இடையில அடுப்பு மட்டுந்தான். உப்புக் குறைய எண்டு சொன்னவர்.”

எப்போது புறப்படுகிறார்கள் என்று அக்கா கேட்டார்.

சனிக்கிழமை விடிய அவர்கள் புறப்படுகிறார்கள். அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே வழக்கறிஞரிடம் போனோம். சுவிஸ் பெண், நாற்பது வயது, நேராகப் பேசுபவர். புதன்கிழமைக்குள் முறைப்பாட்டைப் பேர்னில் கொடுத்தால்தான் ஆள் நாட்டை விட்டுப் போகுமுன் ஏதாவது செய்ய முடியும் என்றார். கோவைகளில் அந்த இடத்தில் அந்த அதிகாரியை நிறுத்தக்கூடிய நேரடிச் சாட்சி ஒரே ஒருவர்தான், அது நான். ஆனால் அறுபது மீற்றர் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பதினைந்து, இருபது என்றால் நல்லது என்று சொன்னவர், உடனே, அப்படிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை என்றார்.

வெளியே வந்ததும் நான் அக்காவிடம், இருபது என்று போடுவோம் என்றேன். ஆள் அவன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூரத்தில் என்ன இருக்கிறது? அக்கா மறுநாள் காலை எட்டு மணிக்கு ஊஷி ஏரிக்கரைக்கு வரச் சொன்னார். மனைவியையும் கூட்டி வரச் சொன்னார்.

வெயில் நன்றாக இருந்தது. ஏரி தெளிவாக, எதிர்க்கரை மலைகூடத் தெரிந்தது. நடைபாதையோரம் ஆட்கள் உட்காரப் போட்டிருந்த ஒரு வாங்கில் அக்கா என் மனைவியை இருத்தினார். அவள் மடியில் ஒரு கொப்பியை வைத்து, கையில் ஒரு பேனையைக் கொடுத்தார். நான் கை காட்டினால் தம்பியின் பெயரை எழுது, காட்டக் காட்ட எழுதிக்கொண்டிரு என்றார். அவளுக்கு ஏன் என்று தெரியாது. பிறகு நாடாவை விரித்து, இரண்டு முறை அளந்து, என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இது அறுபது. இப்ப பாரும்.”

கை காட்டினார். வாங்கில் ஒரு பெண் குனிவது தெரிந்தது. அவள் என் மனைவி என்று எனக்குத் தெரிந்ததால் அவள் என் மனைவி. முகம் என்று ஒன்று இல்லை. ஒரு வெளிறிய பொட்டு.

“என்ன மையால எழுதிறா?”

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

“மூண்டு வருசமா யோசிக்கிறன், தம்பி. அறுபது மீற்றரில பச்சை மை தெரியாது. ஆனா நீர் சும்மா கட்டிச் சொல்லுற ஆளுமில்லை. பச்சை எண்டா நீர் பச்சையைக் கண்டிருக்கிறீர்.”

ஒருவேளை முப்பது மீற்றராக இருக்கலாம் என்றேன். பரபரப்பில் கணக்குத் தவறியிருக்கும். சரி என்றார். முப்பதில் போய் நின்றோம். கை காட்டினார். அவள் எழுதினாள். மை தெரியவில்லை. பதினைந்து என்றேன். பதினைந்துக்குப் போனோம். இப்போது அவள் முகம் முகமாக வந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று விளங்காமல் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனை தெரிந்தது, மை தெரியவில்லை. நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கிழவர் எங்களைச் சுற்றிப் போனார்.

“அக்கா, விடுங்கோ” என்றேன்.

“நான் பிடிக்கேல்லை. நீர் எங்க நிண்டனீரோ அங்க போய் நில்லும்.”

பத்து. ஐந்து. அக்கா நாடாவை நிலத்தில் விட்டுவிட்டார். நான்தான் நடந்தேன். வாங்குக்கு முன்னால் ஒரு அடி தூரத்தில் போய் நின்றபோது, கொப்பியில் அவளுடைய தம்பியின் பெயர் நாலு தரம் பச்சையில் எழுதப்பட்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இஞ்சதான் நிண்டனான்” என்றேன்.

பிறகு சொல்லிவிட்டேன். அவன் தானாக எழும்பிப் போகவில்லை. போகமாட்டேன் என்று நான் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தான். ஒளித்திருப்பவர்களைக் கண்டுபிடித்தால் பக்கத்தில் இருப்பவர்களையும் கொண்டுபோவார்கள் என்று வரிசையில் கதை அடிபட்டது. எனக்குப் பயம். நான்தான் அவனுடைய கையைப் பிடித்து அந்த மேசைக்குக் கொண்டுபோனேன். அவன் வாய் திறக்கவில்லை. பெயரை நான்தான் சொன்னேன். அந்த அதிகாரி தமிழில், பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் விட்டுவிடுவோம் என்றார். கையை நீட்டியிருந்தால் அவருடைய தோளில் பட்டிருக்கும். அந்த முகத்தை அவ்வளவு கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, ஊருக்கும், அகதி நேர்காணலுக்கும், இவளுக்கும் நான் என்னைக் கொண்டுபோய்க் கம்பிக்கு வெளியே, அறுபது மீற்றரில் நிறுத்திக்கொண்டேன்.

மனைவி கொப்பியை மூடி வாங்கில் வைத்துவிட்டு, மெட்ரோ நிலையத்தை நோக்கி நடந்தாள். காயப்பட்ட காலை இழுத்து இழுத்து, ஆனால் வேகமாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்கு அவளை ஏன் கூட்டிவரச் சொன்னீர்கள் என்று கத்தினேன். அக்கா குனிந்து நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு அவவும் முறைப்பாட்டுக்காரி. பேர்னில, தெரியாத ஆக்களுக்கு முன்னால, மொழிபெயர்ப்பாளரின்ர வாயால இதை முதல் முதல் கேக்கவேணுமோ? உமக்கு அதுதான் விருப்பமோ?”

அது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்றும் தெரியாது. சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

வழக்கறிஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு எச்சரிக்கை சொன்னார். நேர்காணலில் சொன்னதும் இதுவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எதிர்ப்பக்கம் அதைப் பிடித்துக்கொள்ளும். இங்கே வாழ எனக்குக் கிடைத்த பெர்மிட்டுக்கும் இடைஞ்சல் வரலாம். வராது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை, இரண்டு பேர் சாதாரண உடுப்பில் வந்து, சாப்பாட்டு மண்டபத்தில் அந்த அதிகாரியின் மேசைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்களாம். அவர் கை துடைத்துவிட்டு எழும்பிப் போனாராம். சமையல்காரர் அடுப்பை அணைக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு நாள் விசாரித்தார்கள். அந்தக் காலத்தில் அந்த இடத்துக்குத் தான் போனதே இல்லை என்று அதிகாரி சொன்னார். அதைச் சொல்லிவிட்டு வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தார், இடக்கையால். வழக்கறிஞர் இதைச் சொன்னபோது நான் துள்ளினேன். இடக்கைக்காரர் உலகத்தில் ஏராளம் என்றார் அக்கா. அந்தச் செய்தியை வலப்பக்கத்தில்தான் எழுதினார்.

கூப்பிட்டால் வருவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி நாடு திரும்பினார். இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்; அவர் வரவில்லை. விசாரணை தொடர்கிறது என்று வருடத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. என்னை மூன்று முறை அழைத்து மணிக்கணக்கில் கேட்டார்கள். ஏன் முதலில் பொய் சொன்னாய் என்றும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னேன். அதை எண்ணி எண்ணிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பெர்மிட் விசாரணை ஒன்றும் வந்தது. ஒன்றரை வருடம் இழுத்து, முடிந்தது. இருக்கிறேன்.

அக்கா போன வருடம் நாங்கள் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில், ஏழாம் மாடியில் இறந்துபோனார். ஈரலில் நோய். கடைசிக் கிழமையில் தாதி ஒருத்தி வலி எப்படி இருக்கிறது, பத்தில் எத்தனை என்று கேட்டபோது, பத்து எவ்வளவு என்று முதலில் சொல்லு பிள்ளை என்றார். செத்தவீட்டுக்குச் சங்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவருடைய குசினியில் இருந்து பேசியவர்கள் வந்தார்கள். இடப்பக்கம் வெறுமையாக இருந்த அந்த அம்மாவும் வந்திருந்தார். மகளைப் பற்றி அக்கா எழுதிய சொந்தக் கோவையை வழக்கறிஞர்தான் வைத்திருக்கிறார். ஒரே ஒரு தாள், அரைப் பக்கம்.

ஆனால் அக்கா என்றால் எனக்கு நினைவு வருவது அந்தப் புதன்கிழமை ரயில்தான். பேர்னில் நானும் மனைவியும் தனித்தனியே சாட்சி சொல்லிவிட்டு, அக்காவோடு பின்னேர ரயிலில் லோசானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரிக்கரையில் எழும்பிப் போனதிலிருந்து மனைவி என்னோடு ஒரு சொல் பேசவில்லை. சோறு வைத்தாள், உடுப்பை மடித்து வைத்தாள், பேசவில்லை. ரயிலில் அவள் ஜன்னலோரம், எதிரே அக்கா, நான் அக்காவுக்குப் பக்கத்தில். ஃப்ரைபூர்க் தாண்டியதும் அவள் அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

“அக்கா, தம்பி பஸ்ஸில ஏறேக்க திரும்பிப் பாத்தவனோ எண்டு இவரைக் கேளுங்கோ.”

அத்தனை பேரிடம் அத்தனை கேள்வி கேட்டவர். மாட்டேன் என்று தலையாட்டினார்.

“நான் கேக்கமாட்டன், பிள்ளை. நீ கேள்.”

எழும்பிக் கைப்பையை எடுத்துக்கொண்டு, பெட்டியின் மறுமுனைக்குப் போய்க் கதவடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இருக்கைகள் எல்லாம் வெறுமையாக இருந்தும் அவர் உட்காரவில்லை.

மனைவி வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள். மாடுகள், வைக்கோல் உருண்டைகள், ஒரு சின்ன ஸ்டேஷன் எல்லாம் போயின. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“திரும்பிப் பாத்தவனோ?”

“தெரியேல்லை. நான் திரும்பிப் பாக்கேல்லை.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

“சாப்பிட்டவனோ?”

“கஞ்சி. அரைக் கோப்பை. மிச்சத்தை வைச்சிட்டு வந்தவன்.”

“ஆருக்கு?”

“பிறகு வந்து குடிக்கிறன் எண்டு சொன்னவன்.”

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு குனிந்தாள். சத்தமே வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. அவளைத் தொட எனக்குத் துணிவில்லை. லோசான் வரும்வரை எதிரிலேயே இருந்தேன். அக்கா கடைசிவரை கதவடியில் நின்றார்.